ரிம்ஃபயர் கைத்துப்பாக்கிக்குச் சைலன்சர்: வாங்கும் முன்பும் கழுவும் முன்பும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சஸில் குடியேறிய பிறகுதான் எனக்குத் துப்பாக்கி சுடும் பழக்கம் வந்தது. காகித இலக்கும் இரும்புத் தகடும் தவிர வேறெதையும் சுட்டதில்லை. .22 கைத்துப்பாக்கிக்கு (சுமார் 0.22 அங்குலக் குழல், ரிம்ஃபயர் எனும் சிறு தோட்டாவைச் சுடுவது) ஒரு சைலன்சர் வாங்கிய நாளிலிருந்து, சுடுதளத்தில் பக்கத்துத் தடத்தில் நிற்பவர்களும் இங்குள்ள தமிழ் நண்பர்களும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லோரும் சத்தத்தைப் பற்றிக் கேட்டுத் தொடங்குகிறார்கள். ஆறு மாதம் கழித்து அழுக்கைப் பற்றிக் கேட்கிறார்கள். வாங்கும்போதே அழுக்கை நினைத்து வாங்கியிருந்தால் இரண்டாவது கேள்விக்கு வேலை இருந்திருக்காது.

சைலன்சர் என்பதா, சப்ரசர் என்பதா?

சுடுதளத்தில் சப்ரசர் என்கிறார்கள். ஓசையை அடக்குகிறதே தவிர அழிப்பதில்லை என்பது அவர்கள் வாதம். ஆனால் அமெரிக்கச் சட்டத்தின் சொல் சைலன்சர்தான். இதற்கு 1909-இல் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மேக்சிம் தன் சரக்குக்கு வைத்த பெயரும் அதுவே. மேக்சிம் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர் அவருடைய தந்தை. உலகையே செவிடாக்கிய கருவியைத் தந்தை கொடுக்க, காதைக் காக்கும் கருவியை மகன் கொடுத்தார். மோட்டார் வாகனப் பொறியாளரான மகன், எஞ்சின் புகைபோக்கியின் சத்தத்தைக் குறைக்கவும் இதே வழியைக் கையாண்டார். ஆகவே நம் ஊர் மெக்கானிக் பைக்கின் அடியில் காட்டும் சைலன்சரும் இதுவும் பங்காளிகள். நான் சைலன்சர் என்றே எழுதுகிறேன்.

மாட்டிவிட்டால் சத்தமே கேட்காதா?

கேட்கும். திரைப்படத்தில் வரும் அந்த மெல்லிய 'புஸ்' நிஜத்தில் கிடையாது. வெற்றுக் குழலோடு ஒரு .22 கைத்துப்பாக்கி, சுடுபவரின் காதருகே 150 டெசிபலுக்கு மேல் வெடிக்கும். நல்ல சைலன்சர் அதை 120-ஐ ஒட்டிக் கொண்டுவரும். திடீர் ஓசைக்கு அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதி வைத்திருக்கும் உச்ச வரம்பு 140. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கருவியின் பயன் புரியும்: செவிப்பறையைக் கெடுக்கும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்ததை இந்தப் பக்கம் இழுத்து வைக்கிறது. மூடிய அரங்கில் பக்கத்துத் தடத்துக்காரர் வெற்றுக் குழலோடு சுடுவார் என்பதால் காதடைப்பை நான் கழற்றுவதில்லை.

இரண்டாவது விஷயம், சைலன்சர் அடக்குவது குழல்வாயில் பீறிடும் வாயுவின் ஓசையை மட்டும். தோட்டா ஒலியை விட வேகமாகப் பறந்தால் காற்றைக் கிழித்துக்கொண்டு தனியாக ஒரு 'பட்' கேட்கும். அதற்குச் சைலன்சர் பொறுப்பில்லை.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். நானும் வாங்கலாமா?

கூடாது. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கைவசம் வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் அவற்றை நம்பி இறங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். தவறினால் போவது துப்பாக்கி மட்டுமல்ல, விசாவும்தான். சட்டத்தின் பார்வையில் சைலன்சர் தனியாகவே ஒரு 'துப்பாக்கி' என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். பச்சை அட்டை வந்த பிறகுதான் நான் இந்தப் பக்கமே வந்தேன்.

ஊருக்கு வாங்கிப் போகலாமா என்றும் ஒருவர் கேட்டார். இந்தியாவின் ஆயுத விதிகளில் துப்பாக்கியின் ஓசையைக் குறைக்கும் துணைக்கருவி தடைசெய்யப்பட்ட வகையில் இருக்கிறது. விமான நிலையத்திலேயே கதை முடிந்துவிடும்.

அமெரிக்காவில் வாங்கும் நடைமுறை என்ன?

1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு சைலன்சரும் பதிவு செய்யப்பட வேண்டும். உரிய உரிமம் உள்ள வணிகரிடம் பணம் கட்டி, படிவம் 4 நிரப்பி, கைரேகையும் புகைப்படமும் கொடுத்து, உள்ளூர் காவல் தலைமைக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒப்புதல் வரும்வரை பொருள் கடையிலேயே இருக்கும். வணிகரிடமிருந்து வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

1934-இல் விதித்த 200 டாலர் வரி தொண்ணூறு ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அதைச் சைலன்சர்களுக்குப் பூஜ்ஜியமாக்கியது. 2026 ஜனவரி 1 முதல் நடைமுறை. வரிதான் போனது. பதிவும் படிவமும் கைரேகையும் அப்படியே இருக்கின்றன. இதைக் குழப்பிக்கொண்டு "இனிமேல் சும்மாவே வாங்கலாமாம்" என்று சொல்பவர்களை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய், மாசசூசெட்ஸ், டெலவேர், ரோட் ஐலண்ட், ஹவாய் ஆகிய எட்டு மாநிலங்களில் பொதுமக்கள் சைலன்சர் வைத்திருக்க முடியாது. நம்மவர்கள் அதிகம் வாழும் மாநிலங்கள் சில இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். நியூஜெர்சியின் எடிசன் நகரில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குக் காரில் போகும்போது பையில் மறந்து கிடந்தாலும் குற்றமே.

இன்னொன்று: தனிநபர் பேரில் பதிவு செய்தால் அது அந்த நபரிடம்தான் இருக்க வேண்டும். நீங்கள் வெளியூர் போயிருக்கும்போது பெட்டகத்தின் சாவி மனைவியிடம் இருப்பதே சிக்கல். குடும்பத்தில் இருவர் பயன்படுத்துவதென்றால் டிரஸ்ட் ஒன்று அமைத்து அதன் பேரில் வாங்குவது வழக்கம்.

மற்றத் துப்பாக்கிகளுக்கு இருப்பதையே .22-க்கும் மாட்டினால் என்ன?

மாட்டலாம், ஓசையும் அடங்கும். சிக்கல் வேறிடத்தில். ரிம்ஃபயர் தோட்டாவில் தீமூட்டும் மருந்து உறையின் விளிம்புக்குள்ளே தடவப்பட்டிருக்கிறது. ஊசி விளிம்பில் எங்கே தட்டினாலும் பற்றிக்கொள்ளும். 1887-இலிருந்து அடிப்படை மாறாமல் வரும் .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டாவின் குண்டு சுமார் 2.6 கிராம் காரீயம். பெரிய தோட்டாக்களில் இருப்பதுபோல் கனத்த செம்பு உறை இதற்குக் கிடையாது. வெறும் காரீயத்தின் மேல் மெழுகு, அல்லது நகத்தால் சுரண்டினால் போய்விடும்போல் ஒரு செம்புப் பூச்சு. சூடான வாயுவில் காரீயத்தின் ஒரு பகுதி ஆவியாகவும் தூளாகவும் போய், சைலன்சருக்குள் குளிர்ந்து, மெழுகோடும் எரியாத மருந்தோடும் கரியோடும் கலந்து ஒட்டிக்கொள்கிறது.

500 தோட்டா சுட்டால் 1.3 கிலோ காரீயம் அந்தச் சிறு குழாயைக் கடந்து போயிருக்கிறது. அதில் ஒரு துளி பங்கு உள்ளே தங்கினாலும் போதும். பெரிய துப்பாக்கிகளின் சைலன்சர்கள் பல நிரந்தரமாகப் பற்றவைத்து மூடப்பட்டவை; அங்கே உயர்ந்த அழுத்தமும் வெப்பமும் அழுக்கைப் பெருமளவு ஊதித் தள்ளிவிடும். .22-இன் மெல்லிய மூச்சுக்கு அந்த வலு இல்லை. ஆகவே விதி ஒன்றுதான்: கழற்ற முடியாத சைலன்சரை .22-க்கு வாங்காதீர்கள். வேறு எந்தச் சிறப்பும் இந்தக் குறையை ஈடுகட்டாது.

உள்ளே தனித்தனித் தடுப்புகளா, ஒரே கட்டையாகக் கடைந்த உள்ளீடா?

இரண்டு வகையும் கடையில் இருக்கின்றன. முதல் வகையில் புனல் வடிவக் கிண்ணங்கள் ஏழெட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும், எவர்சில்வர் டம்ளர்களை அடுக்கியதுபோல. இதை பேஃபிள் அடுக்கு என்கிறார்கள். இரண்டாவது வகை மோனோகோர்: ஒரே உலோகத் தண்டில் குறுக்கும் நெடுக்குமாக அறைகள் குடைந்திருப்பார்கள். அதை ஒரு குழாய்க்குள் செருகி மூடி போட்டால் சைலன்சர்.

மோனோகோர் கழுவ எளிது என்று விளம்பரம் சொல்லும். வெளியே வந்துவிட்டால் எளிதுதான்; ஒரே துண்டு, தேய்த்துவிடலாம். வெளியே வருவதில்தான் விளையாட்டு. தண்டின் அறைகள் பக்கவாட்டில் திறந்திருப்பதால் அழுக்கு நேராகக் குழாயின் உள்சுவரில் போய்ப் படிகிறது. படிந்தது தண்டையும் குழாயையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். என் முதல் சைலன்சர் இந்த வகை. சோம்பலில் இரண்டாயிரம் தோட்டா போகும்வரை திறக்கவில்லை. திறந்த அன்று இரு மூடிகளும் கழன்று வந்தன, தண்டு மட்டும் அசையவில்லை. ஊடுருவும் எண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டு, மரக்கட்டை ஒன்றை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி, ஒரு நெல் அளவாக நகர்த்தி வெளியே எடுத்தேன். குழாயின் உள்ளே ஒரே சாம்பல் நிறப் பட்டை, நகம் இறங்காத கெட்டி. ஒவ்வொரு அறையின் அச்சும் அதில் வார்த்து எடுத்ததுபோல் பதிந்திருந்தது.

இந்தத் தொல்லையை அறிந்து சில நிறுவனங்கள் தீர்வு கண்டிருக்கின்றன. சைலன்சர்கோவின் ஸ்பாரோ மோனோகோர்தான். ஆனால் தண்டைச் சுற்றி இரண்டு பிளவு ஓடுகள், அதன் மேல்தான் வெளிக்குழாய். அழுக்கு ஓட்டில் ஒட்டும். ஓடு இரண்டாகப் பிரிந்து கையோடு வந்துவிடும். அடுக்கு வகைகளில் கிண்ணங்களின் விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தி உள்ளேயே ஒரு சுவர்போல் அமைபவை நல்லவை. வாயு வெளிக்குழாயைத் தொடாது, குழாய் சுத்தமாகவே இருக்கும். கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கழுவும் பொறுமை மட்டும் வேண்டும். இன்று என்னைக் கேட்டால், விளிம்பு பொருந்தும் அடுக்கு வகையைத்தான் சொல்வேன். முதல் கிண்ணத்திலும் இரண்டாவதிலும்தான் பாதி அழுக்கு. கடைசிக் கிண்ணங்களைத் தேய்க்க வேண்டியதில்லை, துடைத்தாலே போதும்.

அலுமினியமா, எஃகா, டைட்டானியமா?

அலுமினியம் இலகு, விலையும் குறைவு. ஆனால் கடுமையான கழுவலைத் தாங்காது. காரம் மிகுந்த திரவம் அதைத் தின்னும். உலோகப் பிரஷ் கீறும். துருப்பிடிக்காத எஃகு கனமானது. அதே அளவுள்ள அலுமினியச் சைலன்சர் 100 கிராமை ஒட்டி இருக்குமென்றால் எஃகு உள்ளவை 180 கிராமைத் தாண்டும். டைட்டானியம் இடையில் நிற்கிறது, விலையில் மட்டும் மேலே.

நடைமுறையில் நல்ல கலவை: வெளிக்குழாய் டைட்டானியமோ அலுமினியமோ, உள்ளே உள்ள கிண்ணங்கள் எஃகு. அழுக்கும் அடியும் படும் இடத்தில் எஃகு இருந்தால் துணிந்து தேய்க்கலாம். கைத்துப்பாக்கியின் நுனியில் 80 கிராம் கூடுவது முதல் பத்துத் தோட்டாவில் தெரியாது. இருநூறாவது தோட்டாவில் மணிக்கட்டு சொல்லும். நீளமும் அப்படியே. 13, 14 சென்டிமீட்டர் என்பது வழக்கமான அளவு.

என் துப்பாக்கியில் பொருந்துமா?

குழல்முனையில் மரை இருக்க வேண்டும். அமெரிக்காவில் .22-க்கு நிலைபெற்ற அளவு அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரை. ரூகர் மார்க் 4 வரிசையிலும் பிரௌனிங் பக் மார்க் வரிசையிலும் மரையோடு வரும் வகைகள் இந்த அளவில் கிடைக்கின்றன. வால்தர் பி22-இல் குழல்முனை மரை 8 மில்லிமீட்டர் மெட்ரிக் அளவு. இடையில் ஓர் இணைப்பி வாங்க வேண்டும்.

9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிகள் பலவற்றில் சுடும்போது குழல் சாய்ந்து எழும். அதற்காக அவற்றின் சைலன்சரில் சுருள்வில் கொண்ட ஒரு துணையுறுப்பு தேவைப்படும். .22 கைத்துப்பாக்கிகளில் குழல் நிலையாக நிற்பதால் அந்தத் தலைவலி இல்லை. நேரே திருகினால் முடிந்தது.

குறிபார்க்கும் முள் மறைகிறதா என்று பாருங்கள். சைலன்சரின் விட்டம் 25 மில்லிமீட்டருக்கு மேல். சிறிய துப்பாக்கிகளில் தாழ்வான முள் அதன் பின்னே ஒளிந்துகொள்ளும். மேலே சிவப்புப் புள்ளிக் குறிநோக்கி பொருத்த இடமிருந்தால் நிம்மதி.

நேராக நிற்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் மேகசினை, அதாவது தோட்டா அடுக்கும் கூட்டைக் கழற்றி, குழலில் தோட்டா அமரும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். பிறகு குழலுக்குள் செருகும் நேர்க்கம்பி ஒன்றை வைத்துப் பாருங்கள். சைலன்சரின் வெளித்துளையில் கம்பி நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் சுடாதீர்கள். குண்டு கிண்ணத்தின் உதட்டில் உரசினாலே போதும், சைலன்சர் பாழ்.

பெரும்பாலும் மரையில் குறை இருக்காது, இறுக்கத்தில் இருக்கும். சுடச் சுட அது தானாகத் தளரும். ஒவ்வொரு மேகசின் மாற்றும்போதும் கையால் ஒருமுறை திருகிப் பாருங்கள். சூடாக இருக்கும், கையுறையோடு. எனக்குத் தெரிந்த ஒருவரின் சைலன்சரில் நுனி மூடியின் துளை வட்டமாக இல்லாமல் கண் வடிவத்தில் இருக்கும். மூன்று மேகசின் தொடர்ந்து சுட்டாராம், ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்காமல்.

எந்தத் தோட்டா வாங்குவது?

ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் வினாடிக்கு 343 மீட்டர். 'ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி' என்று பெட்டியில் எழுதியிருக்கும் .22 எல்.ஆர். வினாடிக்குச் சுமார் 326 மீட்டர். ஒலிக்குக் கீழேயே நிற்கிறது. என் பெட்டகத்தில் பெரும்பாலும் இதுதான்.

கைத்துப்பாக்கிக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. பெட்டியில் அச்சிட்ட வேகம் நீண்ட குழலில் அளந்தது. பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் குழலில் அந்த வேகம் வராது. 'ஹை வெலாசிட்டி' என்று எழுதியிருப்பதிலேயே பல, குட்டைக் குழலில் ஒலிவேகத்தைத் தொடுவதில்லை. நீண்ட துப்பாக்கியில் 'பட்' என்று கேட்ட அதே பெட்டி என் கைத்துப்பாக்கியில் அமைதியாகச் சுட்டது. மறுகோடியில், வினாடிக்கு 216 மீட்டர் அளவில் மெதுவாகப் பறக்கும் 'குவயட்' வகை இருக்கிறது. தானியங்கிக் கைத்துப்பாக்கியில் அது அடுத்த தோட்டாவை ஏற்றும் வலுவில்லாமல் சிக்கிக்கொள்ளலாம்.

காரீயம் குறைய வேண்டுமென்றால் செம்புப் பூச்சுள்ள குண்டு கொஞ்சம் உதவும். கொஞ்சம்தான்.

முதல் தோட்டா மட்டும் ஏன் சத்தமாக இருக்கிறது?

உள்ளே இருக்கும் காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. முதல் வெடியின் சூடான வாயு அதோடு சேர்ந்து சைலன்சருக்குள்ளேயே எரிகிறது. இரண்டாவது தோட்டாவுக்குள் எரிந்த வாயுதான் உள்ளே நிறைந்திருக்கும், சத்தம் இறங்கிவிடும். குறையில்லை, இயல்பு.

எத்தனை தோட்டாவுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்?

முதலில் உற்பத்தியாளரின் கையேட்டைப் பாருங்கள். பொதுவாக 300 முதல் 500 தோட்டாவுக்கு ஒருமுறை திறந்தால் கிண்ணங்கள் கையோடு வரும். கழுவ நேரமில்லையென்றால் திறந்து மூடவாவது செய்யுங்கள், ஒட்டிப்பிடிப்பது உடையும். என் கணக்கு, கடையில் 'பிரிக்' (செங்கல்) என்று சொல்லும் ஒரு பெரிய பெட்டி, அதாவது 500.

சரி, எப்படிக் கழுவுவது?

இடத்திலிருந்து தொடங்குகிறேன். சமையலறைத் தொட்டி வேண்டாம். பாத்திரம் கழுவும் இயந்திரம் வேண்டவே வேண்டாம்; ஒருவர் அதில் போட்டதாகப் பெருமையாகச் சொன்னார், அவர் வீட்டில் நான் காபி குடிப்பதில்லை. கார் நிறுத்தும் கொட்டகையில், கதவு திறந்திருக்க, இதற்கென்றே ஒதுக்கிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று. கையில் நைட்ரைல் கையுறை, கண்ணாடி, பழைய சட்டை.

கழற்றும்போது கிண்ணங்களின் வரிசையை மாற்றாதீர்கள். சிலவற்றில் எண்ணோ கோடோ பொறித்திருக்கும். இல்லையென்றால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெடிவாயுவை முதலில் வாங்கும் கிண்ணம் மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருக்கலாம். இடம் மாறினால் தேய்மானம் கூடும்.

உலர்ந்த நிலையில் சுரண்டவே கூடாது. தூள் பறக்கும், மூச்சில் போகும். எல்லாவற்றையும் ஊடுருவும் எண்ணெயில் ஓர் இரவு ஊறப்போடுங்கள். காலையில் பார்த்தால் எண்ணெய் மை போலிருக்கும். அதில் கரைந்தது கரியும் மெழுகும், காரீயம் கரையாது. அதை உரித்துத்தான் எடுக்க வேண்டும். எஃகுக் கிண்ணமென்றால் பித்தளைப் பிரஷ், பிறகு பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற கூர்முனைக் கொக்கி. அலுமினியமென்றால் நைலான் பிரஷும் பிளாஸ்டிக் குச்சியும் மட்டும். கிண்ணத்தின் வெளிச்சரிவில் கொக்கியை விட்டு நெம்பினால், நன்றாக ஊறியிருந்தால், பால் ஆடை உரிவதுபோல் ஒரு வளையமாகக் காரீயம் வந்துவிடும். அந்த நொடிக்காகவே இந்த வேலையை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன்.

குண்டு கடக்கும் நடுத்துளையின் உதட்டைக் கொக்கியால் தொடாதீர்கள். அங்கே ஒரு கீறல் விழுந்தால் குறி தவறும். துணி சுற்றிய குச்சியால் துடைத்தால் போதும். பளபளவென்று ஆக்க வேண்டிய அவசியமும் இல்லை. கெட்டியாகப் படிந்தது போனால் போதும், கறை இருக்கட்டும்.

எஃகும் டைட்டானியமும் மட்டுமே என்றால் ஈரச் சுழற்சி இயந்திரம் ஒரு வரம். தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு, ஊசி ஊசியாக எஃகுத் துண்டுகள், மூன்று மணி நேரச் சுழற்சி. அலுமினியத்தை அதில் போட்டால் மேற்பூச்சு போய்விடும். மீயொலித் தொட்டி கரிக்கு நல்லது, கெட்டிக் காரீயத்துக்குச் சுமார்தான். அதில் ஊற்றும் திரவம் அலுமினியத்துக்கு ஆகுமா என்று புட்டியைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

காய்ந்த பிறகு கிண்ணங்களின் வெளிப்பக்கம் சிலிக்கோன் எண்ணெய் மெல்லியதாகத் தடவிப் பூட்டுவேன். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தேய்ப்பதன் காரணம்தான் இதற்கும். அடுத்த முறை ஒட்டாமல் வரும். முதல் பத்துத் தோட்டாவுக்குப் புகை வரும், அவ்வளவே. மூடிகளின் மரைக்கு வெப்பம் தாங்கும் கிரீஸ் ஒரு பொட்டு.

வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றினால் காரீயம் தானாகக் கரைந்துவிடுமாமே?

கரையும். நுரைத்துக்கொண்டு அரை மணியில் கரையும். அதனால்தான் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது.

கரைந்து எதுவாகிறது என்று யாரும் கேட்பதில்லை. காரீயம் உலோகமாக இருக்கும்வரை தோலுக்குள் எளிதில் புகாது. இந்தக் கலவை அதைக் காரீய அசிட்டேட் ஆக்குகிறது. தண்ணீரில் கரைவது, தோல் வழியாகவே உடலுக்குள் போகக்கூடியது. இனிப்பாக இருக்கும் என்பதால் இதற்குப் பழைய பெயர் ஈயச் சர்க்கரை. ரோமானியர்கள் திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் காய்ச்சியபோது உண்டானதும் இந்த இனிப்புதான். ஒரு திடப்பொருளாக, கையால் எடுத்து ஓரமாக வைக்கக்கூடியதாக இருந்த நஞ்சை, சிந்தக்கூடிய, தெறிக்கக்கூடிய, நாய் நக்கக்கூடிய நஞ்சாக மாற்றுவதற்குப் பெயர் சுத்தம் அன்று. அலுமினியமாக இருந்தால் சைலன்சரையும் சேர்த்து அரிக்கும். நான் செய்வதில்லை, செய்யச் சொல்வதும் இல்லை.

நம் வீட்டில் ஈயச் சொம்பில் ரசம் வைத்தவர்கள்தானே? ஈயத்துக்கு இவ்வளவு பயமா?

அம்மாவே தொலைபேசியில் இதைக் கேட்டார். ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசியதும் வெள்ளீயம். தோட்டாவில் இருப்பது காரீயம். தமிழில் பாதிப் பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. இரண்டும் வெவ்வேறு உலோகம். ஒன்றில் ரசம் வைக்கலாம், மற்றொன்று குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். குழந்தைகளின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் காரீயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் வரம்பைக் குறைத்தது. மைக்ரோகிராம் என்றால் கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

ஆகவே வேலை முடிந்ததும் கையைக் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள். குழந்தையைத் தூக்குவது அதற்குப் பிறகு. வாரந்தோறும் சுடுபவரென்றால் ஆண்டுக்கொருமுறை மருத்துவரிடம் இரத்தக் காரீய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள், சாதாரணப் பரிசோதனைதான்.

கழுவிய கசடை எங்கே கொட்டுவது?

சாக்கடையிலும் தோட்டத்திலும் கொட்டக்கூடாது. எண்ணெய், துடைத்த துணி, சுழற்சித் தண்ணீர் எல்லாவற்றையும் மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, மேலே 'காரீயம் கலந்தது' என்று எழுதி, உங்கள் மாவட்டத்தின் வீட்டு அபாயக் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். பழைய பெயின்ட், பேட்டரி வாங்கும் அதே இடம்.

ஒரு கிண்ணம் கெட்டுவிட்டது. புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

இதில் பலர் அறியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். சட்டப்படி சைலன்சருக்கென்றே செய்த உதிரி உறுப்பும் ஒரு சைலன்சர்தான். கைவசம் ஒரு கிண்ணம் கூடுதலாக இருந்தால் பதிவு செய்யாத இன்னொரு சைலன்சர் இருப்பதாகவே பொருள். பழுதானால் உற்பத்தியாளருக்கு அனுப்பிச் சரிசெய்துகொள்ள வேண்டும். அதனால் வாங்கும்போதே உத்தரவாதத்தைப் படியுங்கள். வெளிக்குழாயில் பொறித்த வரிசை எண்ணைத் தேய்த்து அழித்துவிடாமலும் பாருங்கள். முரட்டுத்தனமாக மெருகேற்றுபவர்களுக்கு இது நேர்ந்திருக்கிறது.

துப்பாக்கி துடைக்கும் திரவத்தைப் பிடிக்கும் குழாய் என்ற பெயரில் இணையத்தில் மலிவாக விற்கிறார்களே, அதை வாங்கி வைத்துக்கொண்டு என்னிடம் ஆலோசனை கேட்காதீர்கள். அதன் உண்மையான நோக்கம் சைலன்சர்தான் என்று அரசு வழக்கறிஞருக்கும் தெரியும்.

சைலன்சர் மாட்டியதிலிருந்து துப்பாக்கியே அதிகம் அழுக்காகிறது. ஏதும் கோளாறா?

இல்லை. முன்பக்கம் தடைபட்ட வாயு பின்பக்கமாகத் திரும்பி வருகிறது. கொஞ்சம் உங்கள் முகத்துக்கும் வரும். கண்ணாடி இல்லாமல் சுடாதீர்கள். தோட்டா ஏறும் சரிவையும் உறையை இழுக்கும் கொக்கியையும் இருநூறு தோட்டாவுக்கு ஒருமுறை துடையுங்கள்.

திறந்து பார்க்காமலே அழுக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

எடை. புதிதாக வந்த அன்றே தராசில் வைத்து, கிராம் கணக்கைப் பெட்டியின் மூடியில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறை சுடுதளத்திலிருந்து வந்ததும் வைத்துப் பாருங்கள். மேலே சொன்ன என் முதல் சைலன்சரைத் திறப்பதற்கு முந்தைய நாள் நிறுத்தேன். வாங்கியபோது இருந்ததைவிட 41 கிராம் கூடியிருந்தது. தராசு தனியாக வாங்குங்கள். நான் நிறுத்தது சமையலறைத் தராசில். மறுநாளே வீட்டுக்குப் புதிய தராசு ஒன்று வந்தது, பழையது இன்றுவரை கொட்டகையில் இருக்கிறது.